குப்பைக் கூடையில் கிடக்கும் கூலி

சம்பள நாளுக்கு மறுநாள் எந்த மில் ஊரிலாவது ஏ.டி.எம். அறைக்குள் எட்டிப் பாருங்கள். தரையெல்லாம் சீட்டுகள் சிதறிக் கிடக்கும். மூலையில் ஒரு குப்பைக் கூடை நிரம்பி வழியும். பணத்தை எண்ணி மடியில் வைக்கிறோம்; சீட்டைக் கசக்கி எறிகிறோம். "காகிதம்தானே, போனால் போகிறது!" என்று நடையைக் கட்டுகிறோம்.

தோழர்களே, அந்தக் காகிதத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். உங்கள் பாங்கின் பெயர் அதில் இருக்கிறது. உங்கள் கார்டு எண்ணின் கடைசி இலக்கங்கள் இருக்கின்றன. எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு எடுத்தீர்கள் என்பது இருக்கிறது. பல மெஷின்களில் கணக்கில் மிச்சம் எவ்வளவு என்பதும் இருக்கிறது. பஞ்சுத் தூசியில் எட்டு மணி நேரம் நின்றவனின் வீட்டுக் கணக்கு, சேற்றில் குனிந்து நாற்று நட்டவளின் கையிருப்பு, எல்லாம் அந்த இரண்டங்குலத் தாளில் அச்சாகித் தெருவில் பறக்கிறது.

இதைப் பற்றிப் பாங்குகள் நமக்கு அடிக்கடி உபதேசம் செய்கின்றன. "சீட்டைக் கிழித்துப் போடு, ஜாக்கிரதையாக இரு" என்கின்றன. உபதேசம் சரியானதுதான்; கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒரு கேள்வி. சீட்டில் எதை அச்சடிப்பது, எதை மறைப்பது என்று முடிவு செய்தது யார்? மில் தொழிலாளியா? களை பறிக்கும் பெண்ணா? மெஷின் பாங்குடையது, அச்சு கடைக்காரனுடையது, லாபம் கார்டு கம்பெனியுடையது. பழி மட்டும் சீட்டைக் கீழே போட்டவன் தலையில்! இது என்ன நியாயம்?

ரசீது என்பது பணம் கொடுத்தவனுக்குச் சாட்சி. அந்தச் சாட்சி திருடன் கையில் சாவியாக மாறாதபடி அச்சடிப்பது, அதைக் கொடுக்கிறவனின் கடமை. இந்தக் கடமையைக் கம்பெனிகள் எளிதில் தாமாக ஏற்றுக்கொண்டதில்லை. சட்டம் போட்டுத்தான் ஏற்க வைக்க வேண்டியிருந்தது. கார்டு பிறந்து வளர்ந்த அமெரிக்காவின் கதையே இதற்கு அத்தாட்சி.

எண்ணைச் சாவியாக்கினார்கள்

1950ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் என்ற கம்பெனி, ஓட்டல் சாப்பாட்டுக்குக் கடன் சொல்ல ஒரு அட்டை கொடுத்தது. 1958 செப்டம்பரில் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியா மாகாணத்துப் பிரெஸ்னோ நகரத்தில் 60,000 கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. யாரும் விண்ணப்பம் போடவில்லை. கேளாமலே கடன் கதவைத் தட்டியது! இப்படிக் கேட்காத கார்டைத் தபாலில் திணிக்கக்கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் வர 1970 ஆயிற்று. அதுவரை தபால் பெட்டியிலிருந்தே கார்டைக் களவாடியவர்களும் உண்டு.

அந்தக் காலத்துக் கார்டில் எண்ணும் பெயரும் காலாவதித் தேதியும் மேலே புடைத்து நிற்கும். கடைக்காரன் கார்டை ஒரு இரும்புத் தட்டில் வைப்பான். அதன் மேல் இரண்டு மூன்று தாள் அடுக்கிய சீட்டு, இடையில் கார்பன் தாள். உருளையைப் பிடித்து ஒரு இழுப்பு. எல்லாத் தாளிலும் எண் பதிந்துவிடும். வாங்கியவனுக்கு ஒன்று, மற்றவை கடைக்கும் பாங்குக்கும். மிஞ்சிய கார்பன் எங்கே போயிற்று? நேரே குப்பைத் தொட்டிக்கு.

அந்தக் கார்பனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் போதும். முழு எண்ணும் தெரியும், பெயர் தெரியும், தேதி தெரியும். டெலிபோனில் சாமான் வரவழைக்க அன்று இவ்வளவே போதுமானதாக இருந்தது. திருடன் பூட்டை உடைக்கவில்லை, சுவரேறிக் குதிக்கவில்லை. கடையின் பின்புறம் குப்பையைக் கிளறினான், அவ்வளவுதான். 1984ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. கார்டைத் திருடுவது மட்டுமல்ல, கார்டின் எண்ணை வைத்து மோசடி செய்வதும் மத்திய அரசின் சட்டப்படி குற்றம் என்று அது சொன்னது. திருடனுக்குத் தண்டனை, சரி. எண்ணைக் குப்பையில் கொட்டியவனுக்கு? ஒன்றுமில்லை.

அடிப்படைக் கோளாறு எங்கே இருக்கிறது, பாருங்கள். அந்த எண் ரகசியமாக இருப்பதற்காகப் பிறந்ததே அல்ல. கடைக்குக் கடை பிரதி எடுப்பதற்காகவே புடைத்து அச்சிட்ட எண் அது. தெருவில் போகிறவன் படிக்கும்படி வாசலில் மாட்டியிருக்கும் வீட்டு நம்பரையே பூட்டுக்குச் சாவியாகவும் வைத்தால் என்ன ஆகும்? அதைத்தான் கார்டு கம்பெனிகள் செய்தன. பிறகு "நம்பரை யாருக்கும் காட்டாதே" என்று வீட்டுக்காரனுக்கு உபதேசம் செய்தன.

கார்பன் போய், மின்சார மெஷின்கள் வந்தன. நிலைமை சீர்பட்டதா? இல்லை. மெஷின் முழு எண்ணையும் காலாவதித் தேதியையும் பளிச்சென்று அச்சடித்துக் கொடுத்தது. ஓட்டல் மேஜையில், பெட்ரோல் பங்க் வாசலில், ரயிலடியில் அந்தச் சீட்டுகள் கிடந்தன. முன்பு கார்பனைத் தேட வேண்டியிருந்தது. இப்போது குனிந்து எடுத்தால் போதும் என்றாயிற்று.

குப்பைக்குச் சொந்தக்காரன் யார்?

இதற்கிடையில் 1988 மே மாதம் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டிலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. கலிபோர்னியாவில் போதைப் பொருள் வழக்கு ஒன்றில், ஒருவர் வீட்டு வாசலில் வைத்த குப்பைப் பையைப் போலீசார் வாரண்டு இல்லாமல் வாங்கிச் சோதித்தார்கள். அது செல்லுமா என்பதே கேள்வி. செல்லும் என்று 6 நீதிபதிகள் சொன்னார்கள். 2 பேர் மாறுபட்டார்கள். தெருவோரம் வைத்த பையை நாயும் கிளறலாம், குழந்தையும் கிளறலாம், வேவு பார்ப்பவனும் கிளறலாம். ஆகவே அதில் அந்தரங்கம் எதிர்பார்க்க முடியாது என்பது பெரும்பான்மையோர் சொன்ன காரணம்.

இந்தத் தீர்ப்பு போலீஸ் சோதனை பற்றியது. திருடனுக்கு லைசென்ஸ் கொடுத்ததல்ல. ஆனாலும் உலக நடப்பை அது ஒப்புக்கொண்டது. தெருவுக்குப் போன குப்பைக்குக் காவல் கிடையாது. அப்படியானால் புத்தியுள்ளவன் என்ன செய்ய வேண்டும்? குப்பைக்குப் போகிற தாளில் விஷம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது அச்சடிக்கும் இடத்திலேயே எண்ணை மறைக்க வேண்டும்.

சட்டம் வந்தது, ஓட்டையும் வந்தது

கலிபோர்னியா மாகாணம் 1999ல் இதற்குச் சட்டம் இயற்றியது. பிறகு நாடு முழுவதற்குமான சட்டம் 2003 டிசம்பர் 4ம் தேதி ஜனாதிபதி புஷ்ஷின் கையெழுத்தைப் பெற்றது. அதன் ஷரத்து மிக எளிமையானது. வாங்குகிறவனுக்குக் கொடுக்கும் ரசீதில் கார்டு எண்ணின் கடைசி 5 இலக்கங்களுக்கு மேல் அச்சடிக்கக்கூடாது. காலாவதித் தேதியை அச்சடிக்கவே கூடாது. வேண்டுமென்றே மீறினால், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 100 டாலரிலிருந்து 1,000 டாலர் வரை நஷ்டஈடு.

எவ்வளவு சின்ன மாற்றம்! மெஷினில் ஒரு சிறு திருத்தம். எண்கள் இருந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள். இதற்கு எத்தனை அவகாசம் கேட்டார்கள் தெரியுமா? ஏற்கெனவே கடைகளில் இருந்த மெஷின்களுக்கு 2006 டிசம்பர் 4 வரை, மூன்று முழு வருஷம் அவகாசம் கொடுக்கப்பட்டது. கைத்தட்டில் இழுத்துப் பதிக்கும் பழைய சீட்டுக்கு இந்தச் சட்டம் கிடையாது. கையால் எழுதும் ரசீதுக்குக் கிடையாது. கடைக்காரன் தன் பெட்டியில் வைத்துக்கொள்ளும் பிரதியைப் பற்றியும் ஷரத்தில் பேச்சில்லை. வாங்கியவன் கைத்தாள் சுத்தமாயிற்று; கடையின் பின்கட்டில் கிடக்கும் கட்டு அப்படியே கிடந்தது.

மூன்று வருஷம் கழித்தும் பல வியாபாரிகள் தேதியை அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். நூற்றுக்கணக்கில் வழக்குகள் எழுந்தன. உடனே வியாபாரத் தரப்பு காங்கிரசின் வாசலில் போய் நின்றது. 2008 ஜூன் 3ம் தேதி ஒரு திருத்தச் சட்டம் பிறந்தது. எண்ணை மறைத்துத் தேதியை மட்டும் அச்சடித்தவர்கள், அதுவரை செய்ததை வேண்டுமென்று செய்ததாகக் கொள்ளக்கூடாது என்றது அது. எண் மறைந்திருந்தால் தேதியை மட்டும் வைத்துக்கொண்டு திருடன் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மீறியவர்கள் ஒன்றுகூடிக் கேட்டபோது, பழைய தேதியிலிருந்தே மன்னிப்பு கிடைத்தது. சம்பளத்தில் ஒரு நாள் தவறினால் நமக்கு இப்படிப் பழைய தேதியிலிருந்து மன்னிப்பு யார் கொடுக்கிறார்கள்?

அடுத்து வந்தது சாக்லெட் கடை வழக்கு. கோடைவா என்ற சாக்லெட் கம்பெனியின் கடைகளில் எண்ணின் முதல் 6 இலக்கங்களும் கடைசி 4 இலக்கங்களும் ரசீதில் அச்சாயின. சட்டம் அனுமதித்தது கடைசி ஐந்து, அச்சானது பத்து. வாங்கியவர்கள் சார்பில் வழக்கு வந்தது. கம்பெனி 63 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானமாகிறது என்று முடிவாயிற்று. ஆனால் 2020 அக்டோபரில் அப்பீல் கோர்ட் அந்தச் சமாதானத்தையே தள்ளிவிட்டது. ஏன்? யாருடைய பணமும் திருடு போனதாகக் காட்டவில்லை. மெய்யான தீங்கில்லாமல் மத்தியக் கோர்ட்டின் படியேற உரிமையில்லை என்பது தீர்ப்பு. முதல் ஆறு இலக்கம் எந்தப் பாங்கின் கார்டு என்பதைத்தானே காட்டும் என்பதும் சொல்லப்பட்டது.

கதவைத் திறந்துபோட்டவன்மீது கேள்வி கேட்க, முதலில் திருடன் உள்ளே வந்து போக வேண்டுமாம்! வரப்பை வெட்டிவிட்டவனிடம், பயிர் மூழ்கிய பிறகு வா, பேசலாம் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இருந்தும் ஒன்றை மறுக்க முடியாது. அந்தச் சட்டத்தால் அமெரிக்கக் கடை ரசீதில் முழு எண் அச்சாவது நின்றது. அரை நூற்றாண்டு உபதேசத்தால் ஆகாத காரியம், ஒரு ஷரத்தாலும் அதற்குப் பின்னால் இருந்த நஷ்டஈட்டுப் பயத்தாலும் ஆயிற்று.

கடனுக்கு ஒரு நீதி, கூலிக்கு ஒரு நீதி

"கிரெடிட் கார்டு பணக்காரன் சமாசாரம், நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். நமக்குத்தான் அதிகம்.

கிரெடிட் கார்டில் திருடு போவது பாங்கின் பணம். 1970ம் வருஷச் சட்டப்படி, அந்நாட்டில் பிறர் மோசடியாகப் பயன்படுத்திய தொகையில் கார்டுக்காரன் தலையில் விழுவது அதிகபட்சம் 50 டாலர். டெபிட் கார்டில் திருடு போவது அவனவன் கணக்கிலுள்ள சொந்தப் பணம். அதற்கு 1978ம் வருஷச் சட்டம் வேறு அளவு வைத்தது. கார்டு தொலைந்ததை அறிந்து 2 வேலை நாளுக்குள் சொன்னால் 50 டாலர். தாமதித்தால் 500 டாலர் வரை. கணக்கு அறிக்கை வந்து 60 நாள் தாண்டியும் சொல்லாவிட்டால், அதற்குப் பிறகு போகும் பணத்துக்கு வரம்பே கிடையாது. கடன் வாங்குகிறவனுக்குப் பலத்த வேலி. கூலியைப் போட்டு வைப்பவனுக்கு ஓட்டை வேலி!

நம் நாட்டில் உழைப்பாளியின் கையில் இருப்பது டெபிட் கார்டுதான். 2014ல் ஜன் தன் கணக்குகள் திறக்கப்பட்டபோது கிராமம் கிராமமாக ரூபே கார்டுகள் வந்தன. மில் சம்பளம் பாங்கில் விழுகிறது. ஊரக வேலைக் கூலி பாங்கில் விழுகிறது. முதியோர் பென்ஷனும் காஸ் மானியமும் பாங்கில் விழுகின்றன. பணக்காரனுக்குப் பத்து இடத்தில் பணம். ஒரு இடத்தில் போனால் ஒன்பதில் இருக்கும். நமக்கு இருப்பது ஒரே கணக்கு. அது காலியானால் அன்று மாலையே அடுப்பு எரியாது.

நம்மூர் சீட்டில் என்ன ஆபத்து?

உள்ளதைச் சொல்ல வேண்டும். வீண் பயம் கிளப்பக்கூடாது. நம் நாட்டில் கடை மெஷின்கள் பெரும்பாலும் கடைசி 4 இலக்கங்களையே அச்சடிக்கின்றன. இணையத்தில் கார்டு எண்ணைக் கொடுத்து வாங்கும்போது இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு 2009லேயே விதித்தது. கடையில் டெபிட் கார்டைத் தேய்த்தால் பின் நம்பர் போட வேண்டும் என்பது 2013 டிசம்பரில் வந்தது. ஆகவே கீழே கிடந்த ஒரு சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் நம் கணக்கைக் காலி செய்துவிட முடியாது.

அப்படியானால் திருடனுக்கு அது எதற்கு? நம்ப வைப்பதற்கு! டெலிபோன் மணி அடிக்கிறது. "பாங்கிலிருந்து பேசுகிறோம். உங்கள் கார்டு இன்ன நம்பரில் முடிகிறதல்லவா? நேற்று மாலை இன்ன இடத்தில் 3,000 ரூபாய் எடுத்தீர்களல்லவா? கணக்கில் இவ்வளவு மிச்சம் இருக்கிறதல்லவா?" எல்லாம் சரியாக இருக்கிறது. பாங்குக்காரனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும் என்று நினைக்கிறோம். "கார்டு நின்றுவிடும், போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்" என்கிறான். சொல்லிவிடுகிறோம். சீட்டு பூட்டைத் திறக்கவில்லை. நம் வாயைத் திறக்க வைத்தது.

இதைவிடப் பெரிய குப்பை ஒன்று இருக்கிறது. அது ஜெராக்ஸ் குப்பை. வேலைக்குச் சேர ஒரு பிரதி, கடன் சங்கத்தில் ஒரு பிரதி, காண்டிராக்டரிடம் ஒரு பிரதி. ஆதாரும் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கமும் சேர்த்தே கொடுக்கிறோம். சரியாக விழாத பிரதியைக் கடையிலேயே விட்டுவிடுகிறோம். பழைய கட்டுகள் எடைக்குப் போகின்றன. எடைக்குப் போன தாள் எந்தக் கடையில் பொட்டலமாக மடிகிறது என்று யார் கண்டது?

கைரேகை மெஷினில் பணம் எடுக்கும் முறையில் கார்டு இல்லை, பின் நம்பர் இல்லை. ஆதார் எண், பாங்கின் பெயர், விரல் ரேகை மூன்றும் போதும். முதலிரண்டும் ஜெராக்ஸில் இருக்கின்றன. பத்திரப் பதிவுத் தாள்களில் வைத்த ரேகையிலிருந்து போலி விரல் செய்து பணம் எடுத்த வழக்குகள் பல மாகாணங்களில் பதிவாகியிருக்கின்றன. உழைத்துத் தேய்ந்த விரலுக்கு மெஷின் திறக்க மாட்டேன் என்கிறது. போலி விரலுக்குத் திறந்துவிடுகிறது!

இதில் சர்க்காரின் நடத்தையைப் பாருங்கள். 2022 மே 27ம் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. ஆதார் பிரதியைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்றது. நல்ல யோசனைதான். இரண்டே நாளில், 29ம் தேதி, அது தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி வாபஸ் வாங்கப்பட்டது. வழக்கமான விவேகத்தோடு நடந்துகொள்ளுங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. விவேகம் நமக்கு! பிரதி கேட்கும் அலுவலகத்துக்கும் கம்பெனிக்கும்?

பெரிய கொள்ளை கூடையில் இல்லை

கூடையைக் கிளறுகிறவன் சில்லறைத் திருடன். மொத்த வியாபாரம் வேறு இடத்தில் நடக்கிறது. 2007 ஜனவரியில் அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். என்ற பெரிய கடைக் கம்பெனி, தன் கம்ப்யூட்டரில் திருட்டு நடந்ததாக வெளியிட்டது. குறைந்தது 4 கோடியே 57 லட்சம் கார்டு எண்கள் போய்விட்டன. வாங்குகிறவன் தன் ஒரு சீட்டைப் பத்திரமாகக் கிழித்துக்கொண்டிருந்தான். கம்பெனி கோடிக்கணக்கான எண்களைப் பலவீனமான பூட்டுக்குள் குவித்து வைத்திருந்தது. நம் நாட்டிலும் 2016 அக்டோபரில் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரம் கசிந்திருக்கலாம் என்று பாங்குகள் கார்டுகளை முடக்கின, மாற்றிக் கொடுத்தன. ஏ.டி.எம். நடத்தும் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டரில் புகுந்த நாச நிரல் அதற்குக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. அதில் எந்தத் தொழிலாளி சீட்டைக் கீழே போட்டான்?

ரசீதே வேண்டாம் என்பதா?

ஆபத்து என்பதால் சீட்டே வேண்டாம் என்று மெஷினில் அமுக்கிவிட்டுப் போகலாமா? கூடாது. இங்கேதான் உழைப்பாளி ஏமாறுகிறான்.

கைரேகை மெஷினோடு உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டு, "சர்வர் வேலை செய்யவில்லை, இன்னொரு தடவை விரலை வை" என்கிறான். வைக்கிறோம். முதல் தடவையே பணம் கழிந்ததா, இல்லையா? சீட்டு இருந்தால் தெரியும். ஆயிரம் கொடுத்துவிட்டு இரண்டாயிரம் எடுத்ததாகப் போட்டானா? சீட்டு இருந்தால் தெரியும். வேலியே பயிரை மேய்கிற இடத்தில் அந்தத் துண்டுக் காகிதம் ஒன்றுதான் ஏழைக்குச் சாட்சி. கூலிச் சீட்டு கேட்டுப் பெற நம் முன்னோர் எத்தனை மில் வாசலில் நின்றார்கள்! பாங்குச் சீட்டும் அதற்குக் குறைந்ததல்ல.

அந்தச் சாட்சிக்கு ஆயுசு குறைவு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மெஷின் சீட்டில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் ரசாயனத் தாள் அது. வெயிலிலும் வியர்வையிலும் சில மாதத்தில் எழுத்து மறைந்து வெறும் தாளாகிவிடும். கணக்குத் தகராறு கோர்ட்டுக்குப் போகும்போது கையில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். ஆகவே தேதியையும் தொகையையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சட்டம் எந்தப் பக்கம்?

2017 ஜூலை 6ம் தேதி ரிசர்வ் பாங்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. பாங்கின் குறையும் நம் குறையும் இல்லாமல் மூன்றாமவன் மோசடி செய்து பணம் போனால், 3 வேலை நாளுக்குள் சொன்னவனுக்கு ஒரு காசு நஷ்டமில்லை என்றது. 4 முதல் 7 நாளுக்குள் சொன்னால், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்காரனுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் பொறுப்பில்லை என்றது. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: தவறு வாடிக்கைக்காரனுடையது என்று நிரூபிக்கும் பாரத்தைப் பாங்கின்மேல் வைத்தது. எத்தனை உழைப்பாளிகளுக்கு இது தெரியும்? பாங்கு மானேஜர் "நீதான் நம்பரைச் சொன்னாய், போ" என்றதும் கண்ணீரோடு திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! "நிரூபியுங்கள்" என்று கேட்கும் உரிமை இருக்கிறது, தோழர்களே!

2023 ஆகஸ்டில் தனிநபர் விவரங்களைக் காக்கவென்று பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியது. காவல் தவறிய கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அபராதம் போய்ச் சேருவது சர்க்கார் கஜானாவுக்கு. பணத்தைப் பறிகொடுத்தவன் கைக்கு அதில் ஒன்றும் வராது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் நஷ்டஈடு கேட்க இருந்த வழியை நீக்கவும் இந்தச் சட்டமே வகை செய்திருக்கிறது. இன்னொன்று: கம்ப்யூட்டரில் ஏறிய விவரத்துக்குத்தான் இந்தச் சட்டம். ஜெராக்ஸாகவே கிடந்து எடைக்குப் போகும் தாளுக்கு இதில் இடமில்லை. அமெரிக்கச் சட்டம் ஓட்டைச் சட்டம்தான். ஆனாலும் இழந்தவன் கையில் நூறு டாலராவது வைக்கச் சொன்னது.

நாம் செய்ய வேண்டியது

நம் கையில் உள்ளதை நாம் முதலில் செய்வோம். சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த சீட்டை எண்ணும் தேதியும் பிரியும்படி நாலாகக் கிழியுங்கள். கிராமத்தில் அடுப்பில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. பின் நம்பரைச் சீட்டின் பின்புறமோ கார்டு உறையிலோ எழுதி வைக்காதீர்கள். ஆதார் பிரதி கொடுத்தால் எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கெட்டுப்போன பிரதியைக் கடையில் விடாமல் வாங்கி வாருங்கள். கடைசி நாலு நம்பரைச் சொல்கிறவனெல்லாம் பாங்குக்காரன் அல்ல, ஓ.டி.பி. கேட்கிறவன் நிச்சயமாகப் பாங்குக்காரன் அல்ல. பணம் போனது தெரிந்தால் மூன்று நாள் இருக்கிறதே என்று உட்காராமல் அன்றே 1930க்குப் போன் செய்யுங்கள். பாங்குக்கு எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்குங்கள். எழுதத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள்.

இவை தனி மனிதன் செய்யக்கூடியவை. தனி மனிதன் செய்ய முடியாதவையும் உண்டு. கேட்டாலொழிய மிச்சத் தொகையைச் சீட்டில் அச்சடிக்கக்கூடாது. கைரேகை மெஷினில் விரல் வைக்கும் ஒவ்வொரு தடவையும், பணம் வந்தாலும் வராவிட்டாலும், தமிழில் படிக்கக்கூடிய சீட்டு வந்தாக வேண்டும். நம் பிரதிகளை வாங்கி வைத்திருக்கும் மில் நிர்வாகமும் காண்டிராக்டரும் அவற்றை எங்கே பூட்டுகிறார்கள், எப்போது அழிக்கிறார்கள் என்று தொழிற்சங்கம் கேட்க வேண்டும். கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. காகிதத்தில் கிடக்கும் விவரத்துக்கும் சட்டம் வேண்டும். இழந்தவனுக்கே நஷ்டஈடு வேண்டும்.

சீட்டைக் கிழிப்பது நம் பழக்கமாகட்டும். எண்ணை மறைப்பது அவர்கள் கடமையாகட்டும். முதலாவதை இன்றைக்கே தொடங்கலாம். இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும். கேளாமல் எந்த ரசீதும் நம் கைக்கு வந்ததில்லை!